பௌதிகப் பேரறிஞர் ஆதர் கொம்ப்டன்

பௌதிக அறிஞர் ஒருவரின் வரலாற்றைத் தமிழாசிரியன் எழுதப் புகுவது நண்பர் சிலருக்கு நகைப்பை விளைத்தல் கூடும். ஆயினும் நம் கல்லூரியிலே விஞ்ஞானம் பயின்று வெளியேறிய பழைய மாணவருட் சிலர் இன்று வைத்தியசாலைகளில் எக்ஸ் கதிர்ப் பொறிகளோடு நாடோறும் பழகி வருகின்றனர். அப்பொறியை இயக்குவோர் ஈயத் திரைக்குப் பின்னே மறைந்து நிற்பது ஏன், மார்பிலே சிறு வில்லை ஒன்றை அணிந்து கொள்வது ஏன் என்னும் வினாக்களுக்கு விடை தேடிச் சென்றால், ஆதர் ஹோலி கொம்ப்டன் என்னும் பெரியாரிடம் வந்து சேர்வோம். ஒளி சொட்டுச் சொட்டாகச் செல்வது என்பதைப் பரிசோதனையால் நிறுவியவர் அவர். அச்சொட்டுக்கள் மனித உடலை அழியாவண்ணம் காவல் வகுக்கும் புதுத்துறையொன்று பிறந்ததும் அவர் தலைமையின் கீழேயாம்.

கொம்ப்டன் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே வூஸ்டர் என்னும் சிற்றூரில் 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆந் திகதி பிறந்தார். தந்தையார் எலியாஸ் கொம்ப்டன் அவ்வூர்க் கல்லூரியிலே தத்துவப் பேராசிரியர். கிறித்தவ சமய குருவுமாவார். மூத்த தமையனார் கார்ல் பௌதிக அறிஞராய்ப் பிற்காலத்தில் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் தலைவரானார். மற்றைத் தமையனார் வில்சன் பொருளியல் வல்லுநர். மூவரும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்றனர். பிள்ளைகளை இவ்வண்ணம் வளர்த்தெடுத்த அன்னையார் ஒற்றீலியா அம்மையாருக்கு 1939இல் அந்நாட்டின் சிறந்த தாய் என்னும் சிறப்பு வழங்கப்பட்டது. இளைஞரான ஆதர் 1910இல் ஹலியின் வால்வெள்ளியைப் புகைப்படம் எடுத்ததோடு, மிதவை விமானம் ஒன்றையும் தாமே செய்து பறந்து பார்த்தார்.

1916இல் கலாநிதிப் பட்டம் பெற்றபின் சிறிது காலம் ஆசிரியராகவும், மின்விளக்குத் தொழிற்சாலையொன்றில் ஆராய்ச்சியாளராகவும் இருந்தார். 1919இல் கேம்பிரிட்ஜ் சென்று இரதபோட் பெருமகனாரின் ஆய்வுகூடத்திலே ஓராண்டு உழைத்தார். 1920இல் சென் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அவரைப் பௌதிகப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அவரை அழியாப் புகழுடையவராக்கிய ஆராய்ச்சி அங்கேதான் நிகழ்ந்தது.

அக்காலத்தே அறிஞர் பலர் ஒளியை அலையென்றே கொண்டிருந்தனர். 1905இல் ஐன்ஸ்டைன் ஒளியின் சத்தி சிறு சிறு பொதிகளாகச் செல்லும் என்று கூறியிருந்தும், அதனை ஏற்றோர் மிகச் சிலரே. நம் நாட்டுக் கலைச்சொல் வகுத்தோர் இப்பொதிக்குச் சொட்டு என்று பெயரிட்டனர். எத்துணைப் பொருத்தமான சொல்! வாய்க்காலில் ஓடும் நீர் இடையறாது ஓடுகின்றது. கூரை ஒழுக்கு எண்ணத்தக்க துளிகளாய் விழுகின்றது. ஒளி இவ்விரண்டனுள் எதனை ஒத்தது என்பதே கேள்வி.

கொம்ப்டன் எக்ஸ் கதிர்களைக் காரீயக் கட்டி ஒன்றின்மீது செலுத்தினார். நம் இலங்கை மண்ணிலே தோண்டி எடுக்கப்படுவதும், பென்சிலுக்குள் இருப்பதுமான அதே காரீயம்தான். பட்டுச் சிதறிய கதிர்களை அளந்தபோது, புகுந்த கதிரினும் அவற்றுட் சில நீண்ட அலைநீளம் உடையனவாய் இருந்தன. 90 பாகை திரும்பிய கதிரின் அலைநீளம் 0.71 அங்ஸ்ட்ரொம்மிலிருந்து ஏறத்தாழ 0.73ஆக மாறியது. ஓர் அங்ஸ்ட்ரொம் என்பது ஒரு சதமமீற்றரைப் பத்துக்கோடி கூறிட்ட ஒரு கூறு. இம்மிகச் சிறு வேற்றுமையைப் பொருட்படுத்தாது விடுதல் எளிது. அவர் விட்டாரல்லர். இலத்திரனைப் பருத்த வளையமாகக் கற்பித்தும் வேறு பல வழிகளாலும் பழைய அலைக்கொள்கையைக் காப்பாற்ற ஆண்டுக்கணக்கில் முயன்றார். ஒன்றும் கைகூடவில்லை. ஈற்றிலே, கதிர்ச் சொட்டு இலத்திரனோடு மோதுவதை நம் சிறுவர் போளையடிப்பதுபோலக் கணித்துப் பார்த்தார். ஓடிவரும் போளை நிற்கும் போளையை அடித்துத் தன் வேகத்திற் சிறிது அதற்குக் கொடுத்துவிட்டு விலகிச் செல்கின்றதன்றோ? அவ்வாறே கதிர் தன் சத்தியில் ஒரு பகுதியை இலத்திரனுக்கு ஈந்து தளர்கின்றது. தளர்ந்தமையால் அதன் அலைநீளம் கூடுகின்றது. கணக்கும் அளவும் ஒத்து வந்தன. 1923ஆம் ஆண்டு மே மாதம் அக்கட்டுரை வெளியாயிற்று. அதே ஆண்டிற் சிக்காகோப் பல்கலைக்கழகத்திற்கு மாறினார்.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. ஹாவாட்டைச் சேர்ந்த வில்லியம் டுவேன் தம் ஆய்வுகூடத்திலே அம்மாற்றம் காணப்படவில்லை என்று மறுத்தார். 1924இல் கனடாவிலே தொறொன்ரோ நகரத்தில் நடந்த பெருஞ்சபையில் இருவரும் வாதிட்டனர். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த நம் சி. வி. இராமன் அச்சபையிலிருந்து கேட்டார். அப்பொழுது அவரும் கொம்ப்டன் கூற்றை ஏற்றிலர். ஆனால் டுவேன் தம் பரிசோதனையைத் திருத்திச் செய்து, கொம்ப்டன் கூறியதே உண்மை என அவ்வாண்டு முடியுமுன்னரே ஒப்புக்கொண்டார். தோல்வியை இவ்வாறு ஏற்கும் பெருந்தன்மை புலவர் உலகில் எத்துணை அரிது என்பதை யான் அறிவேன். 1927இல் கொம்ப்டனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. முகிற்கூடம் கண்ட சி. ரி. ஆர். வில்சன் அதனைப் பகிர்ந்துகொண்டார். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இதனை ஒத்ததொரு மாற்றம் உண்டெனக் காட்டி இராமன் 1928இல் தம் விளைவை வெளியிட்டார். ஐயுற்றிருந்த ஒருவருக்கே அவ்விளைவு வழிகாட்டியாயிற்று.

1926இல் லாகூரிலே பஞ்சாப் பல்கலைக்கழகத்திற் சில காலம் தங்கியிருந்தார். 1930க்குப் பின்னர் அவர் நாட்டம் அண்டக்கதிர்களின்பாற் சென்றது. மலையுச்சிகளிலும் கடல்களிலும் அவரும் துணைவரும் அலைந்து அளந்து, புவிகாந்தத்தால் அக்கதிர்கள் திருப்பப்படுதலைக் கண்டு, அவை பெரும்பாலும் மின்னேற்றமுடைய துணிக்கைகளே என நிலைநாட்டினர். அம்முயற்சியிலே 1932இல் அலாஸ்காவின் மக்கின்லி மலைப்பனியில் அலன் கார்பே, தியடோர் கோவன் என்னும் இருவர் உயிர் நீத்தனர்.

இனி இவ்வரலாற்றின் கனத்த பகுதிக்கு வருவோம். இரண்டாம் உலகப்போரின்போது, 1942ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அணுச்சத்தி ஆராய்ச்சியின் பெரும்பகுதி கொம்ப்டன் கையில் ஒப்படைக்கப்பட்டது. சிக்காகோவில் அமைந்த அந்நிலையத்திற்கு உலோகவியல் ஆய்வுகூடம் என்று மறைபெயர் இட்டனர். வேலை தொடங்குமுன்னரே அவர் உள்ளத்தை ஓர் அச்சம் வாட்டியது. அக்காலத்தில் உலகமெங்கும் மருத்துவர் கையிலிருந்த இரேடியம் முழுவதும் சேர்த்தாலும் ஏறத்தாழ இரண்டு இறாத்தலே இருக்கும். அதனாலேயே எத்தனையோ பேர் விரல் இழந்தனர், உயிர் இழந்தனர். கடிகார முகப்புக்கு இரேடியப் பூச்சுத் தீட்டிய நியூ ஜேர்சிப் பெண்கள் தூரிகை முனையை உதட்டிலே வைத்துக் கூராக்கியதால் தாடையெலும்பு அழுகி இறந்த கொடுமை பத்திரிகைகளில் வந்து பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. புதிய அணு உலைகளோ பல தொன் இரேடியத்துக்கு ஒப்பான கதிர்வீச்சை உண்டாக்க வல்லன.

எனவே, அவ்வாண்டு நடுப்பகுதியில், கலிபோணியாவிலிருந்து கதிர் மருத்துவர் றொபேட் ஸ்ரோனை அழைத்துச் சுகாதாரப் பிரிவு ஒன்றை அமைத்தார். அதிலே மருத்துவர் மட்டுமன்றிப் பௌதிக அறிஞரும் சேர்க்கப்பட்டனர். முதலில் வந்தவர் கொம்ப்டனிடம் பயின்ற ஏணெஸ்ற் வொலன். பின்னர் அண்டக்கதிர் ஆராய்ச்சியிலிருந்து கார்ல் மோர்கன் வந்தார். அண்டக்கதிர்களை அளந்து பழகிய கைகளே தொழிலாளரைக் காக்கும் அளவைக் கருவிகளையும் செய்தன. இத்துறைக்குச் சுகாதாரப் பௌதிகம் என்று பெயர் வந்தது. அப்பெயரிலே கதிர்வீச்சு என்னும் சொல் இல்லாமை இரகசியம் காத்தற்கும் உதவியது. ஒளிப்படச் சுருளை அடக்கிய வில்லையைத் தொழிலாளர் அணிந்தனர். சுருள் கறுக்கும் அளவைக் கொண்டு அவர் ஏற்ற கதிரின் அளவு கணிக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஒரு ரொன்ஜனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எவரும் ஏற்றலாகாது என்பது அன்றைய வரம்பு. பிற்காலத்தில் அவ்வரம்பு பன்மடங்கு குறைக்கப்பட்டது.

இங்கே மாணவர் ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். வலிய காமாக் கதிர்கள் உடலுள் புகும்போது பெரும்பாலும் நிகழ்வது கொம்ப்டன் கண்ட அதே மோதலே. அடிபட்ட இலத்திரன்கள் சிதறியோடி உயிர்க்கலங்களைக் குலைக்கின்றன. தளர்ந்த கதிரோ பக்கவாட்டிலே திரும்பிச் சுவரிற் பட்டு, மறைவில் நிற்பவரையும் சென்று தாக்கும். கதிரின் நேர்வழியிலிருந்து விலகி நிற்றல் மட்டும் போதாது என்பதற்குக் காரணம் இதுவே. எத்திசையில் எத்துணைக் கதிர் சிதறும் என்பதை 1929இல் கிளைன், நிஷினா என்போர் சொட்டுக் கொள்கையின் வழிக் கணித்துச் சூத்திரமாகத் தந்தனர். ஈயச் சுவருக்கும் கொங்கிறீற்றுச் சுவருக்கும் தடிப்பு வகுப்போர்க்கு இன்றும் அச்சூத்திரம் அடிப்படையாக உள்ளது.

இத்துணை எச்சரிக்கை உடையவரும் ஒரு பெருந்துணிவு செய்தார். முதல் அணு உலையை நகருக்கு வெளியே ஆர்கோன் காட்டிலே கட்டுவதென்பது திட்டம். தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் கட்டடம் தாமதமாயிற்று. பல்கலைக்கழக விளையாட்டரங்கின் படிவரிசைக்குக் கீழேயே அதனை அமைக்கலாம் என்றும், இயக்கத்தை அடக்க முடியும் என்றும் என்றிக்கோ ஃபேர்மி கணக்குக் காட்டினார். இலட்சக்கணக்கான மக்கள் வாழும் நகரின் நடுவே! கொம்ப்டன் இசைந்தார். பல்கலைக்கழகத் தலைவரிடம் அனுமதி கேட்டாரல்லர். பௌதிகம் அறியாத அவர் மறுப்பதன்றி வேறு செய்ய இயலாது, அம்மறுப்போ பிழையாகும் என்பது கொம்ப்டனின் எண்ணம். ஏறத்தாழ 350 தொன் காரீயத்தை அடுக்கி எழுப்பிய அவ்வுலை 1942 டிசெம்பர் 2ஆந் திகதி பிற்பகல் இயங்கியது. அதற்குக் காப்புச்சுவர் இல்லை. பிழை நேரின் ஊற்றிவிடுவதற்காகக் கட்மியக் கரைசலோடு மூவர் மேலே காத்து நின்றனர். ஊற்ற வேண்டி வரவில்லை. ஃபேர்மியின் கணக்குச் சரியாயிருந்தது உண்மையே. ஆயினும், தம்மைச் சூழ நிகழ்வதை அறியாத ஒரு நகரத்தின் சார்பில் அம்முடிவை எடுக்கும் உரிமை அவருக்கு இருந்ததோ என்னும் வினா எஞ்சியே நிற்கின்றது. அடுத்த ஆண்டிலே உலையைப் பிரித்துக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரெழுப்பி மீளக் கட்டினர்.

அன்னாரைப் பாராட்டும் நாம் மற்றொன்றையும் மறைத்தல் தகாது. 1945க்கும் 1947க்கும் இடையில் அமெரிக்க வைத்தியசாலைகளிலே நோயாளர் 18 பேருக்கு, புளுத்தோனியம் உடலில் எவ்வளவு தங்கும் என்பதை அறியும் பொருட்டு அது ஊசி வழியே ஏற்றப்பட்டது. உட்புகுவது இன்னதென்று அவர்களுக்கு உண்மை கூறப்படவில்லை. அவருள் மூவர் சிக்காகோவில் இருந்தவர். தொழிலாளரைக் காக்கவென எழுந்த துறையே இதனையும் செய்தது. 1993இல் பத்திரிகைகளில் அவர்தம் பெயர்கள் வெளிவந்த பின்னரே நாடு இதனை முழுதும் அறிந்தது. அணுகுண்டை மக்கள்மீது வீசுவதற்கு மாற்றுவழி காணவியலாது என 1945 யூன் மாதத்தில் அரசுக்கு அறிவுரை கூறிய விஞ்ஞானிகள் நால்வருள் கொம்ப்டனும் ஒருவர்.

போர் முடிந்தபின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வேந்தராகி 1953 வரை அதனை நடத்தினார். அவ்வாண்டிலே, தம் அலுவலகத்தின் முன்னே மோட்டார் வண்டிகள் விரைந்து செல்வதைக் கண்டு, வேகத்தைத் தணிக்கும் மேடுகளைக் கணித்து வீதியில் அமைப்பித்தார். விரைந்து செல்வோரை மட்டும் உலுக்கும்படி அவற்றின் வளைவு வகுக்கப்பட்டிருந்தது. 1962 மார்ச் 15ஆந் திகதி பேர்க்லி நகரில் மூளையில் இரத்தம் பெருகி உயிர் நீத்தார்.

1991இல் அமெரிக்கர் காமாக் கதிர்களை ஆராய்தற்கென விண்ணிலே ஏவிய 17 தொன் எடையுள்ள ஆய்வகத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அதிலிருந்த கருவிகளுள் ஒன்று கொம்ப்டன் சிதறலைக் கொண்டே கதிர் வந்த திசையை உணர்ந்தது. 1999 டிசெம்பரில் அதன் சமநிலை காக்கும் சுழற்கருவிகளுள் ஒன்று பழுதுற்றது. ஆய்வுக் கருவிகள் நன்றாகவே இயங்கின. இன்னுஞ் சில ஆண்டுகள் விட்டுவைக்கலாம் என ஆராய்ச்சியாளர் வேண்டினர். மேலுமொன்று பழுதாயின் அஃது ஊர்கள்மீது விழக்கூடும் என்று அஞ்சிய விண்வெளி நிறுவனத்தார், 2000ஆம் ஆண்டு யூன் 4ஆந் திகதி அதனைத் தாமே இறக்கிப் பசிபிக் மாகடலில் வீழ்த்தினர்.