கப்பல் கண்ட சிதம்பரம் பிள்ளை

நம் சங்கத்துச் சகோதரர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள். நம் பாட்டன்மாரும் தகப்பன்மாரும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கைத் தொட்டு, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்றழைக்கப்பட்ட கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியவர்கள். அவர்களில் அநேகரை ஏற்றி வந்த ரஜுலா, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பலாகும். அந்த ரஜுலா கட்டப்பட்டது 1926இல். அதற்கு 20 ஆண்டுகள் முன்னதாகவே அந்தக் கம்பெனியை எதிர்த்துக் கடலில் இறங்கிய தமிழர் ஒருவர் உண்டு. அவரே வ. உ. சிதம்பரம் பிள்ளை. அவர் அரசியலைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர் தொழில் நடத்திய விதத்தை வியாபாரிகளாகிய நாம் அறிந்துகொள்வது நலம்.

அவர் 5-9-1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தகப்பனாரைப் போலவே வக்கீல் தொழில் பார்த்தார். நல்ல வருமானமும் இருந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சரக்கும் ஆளும் ஏற்றும் தொழில் வெள்ளையர் கம்பெனியின் கையில் இருந்தது. நம் நாட்டு வணிகர்கள் அதன் தயவையே நம்பியிருந்தனர். இதை மாற்ற வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். சிறு கடைக்காரரும் ஒரு பங்கு வாங்கலாம் என்ற ஏற்பாடு இது. பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முஹம்மது பக்கீர் சேட் அவர்கள் 2 லட்சம் ரூபாய் கொடுத்து 8,000 பங்குகளை வாங்கி, காரியதரிசியாகவும் இருந்தார். கம்பெனிக்கு உயிராய் இருந்த பிள்ளை அவர்களோ உதவிக் காரியதரிசி என்ற பதவியோடு நின்றுகொண்டார். பெயர்ப்பலகையில் முதலிடம் தேடாமல், வேலையில் முதலில் நின்றார்.

முதலில் வாடகைக் கப்பல்களைக் கொண்டு தொழில் நடந்தது. எதிராளிகளின் நெருக்குதலால் அந்தக் கப்பல்கள் கைவிட்டுப் போயின. அப்போது அவர் பிறர்மேல் பழி சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. சொந்தக் கப்பல் வாங்குவதற்காகத் தாமே பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டிலே மகன் நோயுற்றிருந்த வேளை அது. 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாகவே ஏற்றவும் முன்வந்தது. ஆயினும் மக்கள் சுதேசிக் கப்பலையே நாடினர்.

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கப்பல் முதலாளிகளோடு சேர்ந்தவர் என்று சொல்லத்தக்க இவர் கூலிக்காரர் பக்கம் நின்றார். கூலி உயர்ந்தது; ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது. முதலாளியும் தொழிலாளியும் ஒரே நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதை அவர் செயலில் காட்டினார்.

அவ்வாண்டு மார்ச்சில் கைதானார். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டுகள் விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்தனர். அவர் உள்ளே இருக்கையிலேயே, 1911இல் கம்பெனி மூடப்பட்டது. இதை நாம் மறைக்கலாகாது. ஒரே மனிதரின் தோளில் நின்ற தொழில், அந்தத் தோள் விலகியதும் சரிந்தது. நோக்கமும் நேர்மையும் இருந்தால் மட்டும் போதாது. பொறுப்பைத் தாங்கக்கூடிய அடுத்த கைகளையும் ஆயத்தம் செய்ய வேண்டும்.

1912 டிசம்பரில் விடுதலையானார். வரவேற்கக் கூட்டம் இல்லை. வக்கீல் சன்னதும் போயிருந்தது. சென்னையில் சிறு வியாபாரங்கள் செய்து பார்த்தார், வறுமை தீரவில்லை. சன்னதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸ் துரையின் நன்றியை மறவாமல், தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தவர், நன்மை செய்த வெள்ளையரை வெறுக்கவில்லை.

18-11-1936இல் தூத்துக்குடியில் காலமானார். இறப்பதற்கு முன் எழுதிய உயிலில் ஜவுளிக்கடைப் பாக்கியும் எண்ணெய்க்கடைப் பாக்கியும் குறிக்கப்பட்டிருந்தன. லட்சக்கணக்கான ரூபாய் மூலதனத்தில் கப்பல் ஓட்டியவர், சாகும் வேளையிலும் கடைக்காரருக்குச் சேர வேண்டிய சில்லறைக் கடனை மறக்கவில்லை. கடன் கொடுத்து வாங்கி வாழும் நம் போன்றோருக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறு எது?

சகோதரர்களே! மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடை வைத்திருக்கும் நாம் மூன்று காரியங்களை நினைவில் கொள்வோம். கடை எதற்காக என்று தெரிந்து நடத்துவோம். வேலையாளின் கூலியையும் சரக்குக் கொடுத்தவரின் பாக்கியையும் அமானிதமாகக் கருதுவோம். நமக்குப் பின் கல்லாவில் உட்காரும் பிள்ளைக்குக் கணக்கை மட்டுமன்றி, அந்தக் கணக்கிற்குப் பதில் சொல்லும் பொறுப்பையும் இன்றே பழக்குவோம்.