ஆசார்ய வினோபா பாவே: மெலிந்த உடலும் ஓயாத கைகளும்

1938-ஆம் ஆண்டு மார்ச் மாதம். வார்தாவிலிருந்து எட்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பவ்னார் கிராமத்தை நோக்கி ஒரு வண்டி சென்றுகொண்டிருந்தது. அதில் நாற்பத்திரண்டு வயதான ஒருவர் சோர்ந்து அமர்ந்திருந்தார். அவருடைய எடை 88 ராத்தல், அதாவது ஏறத்தாழ 40 கிலோ. வண்டி தாம் நதியின் பாலத்தைக் கடந்தபோது, தாம் அனைத்தையும் துறந்துவிட்டதாக மூன்று முறை வடமொழியில் சொல்லிக்கொண்டார்.

வீட்டையும் படிப்பையும் அவர் இருபது வயதிலேயே துறந்திருந்தார். அன்று அவர் துறந்தது தமக்கு மிகவும் பிரியமானவற்றை. பதினேழு ஆண்டுகளாக வார்தாவில் நடத்திவந்த ஆசிரமம், நூற்பிலும் நெசவிலும் செய்துவந்த ஆராய்ச்சிகள், தம்மை நம்பி வந்த தொண்டர்கள் ஆகியவற்றைப் பற்றிய எண்ணங்கள் அனைத்தையும் பாலத்தின் மறுபுறத்திலேயே விட்டுவிட்டார். காந்தியடிகள் இட்ட கட்டளை அது. அவருடைய உடல்நிலையைக் கேள்வியுற்ற காந்தியடிகள், சேவாகிராமத்துக்கு வந்து தம்முடன் தங்குமாறும், தாமே பணிவிடை செய்வதாகவும் கூறியிருந்தார். ஆனால் காந்தியடிகளைச் சுற்றி ஏற்கெனவே பல நோயாளிகள் இருந்தனர். நாட்டின் கவலைகளும் அவர் தலைமேல் இருந்தன. அந்தச் சுமையைக் கூட்ட வினோபாவுக்கு மனமில்லை. ஜம்னாலால் பஜாஜுக்குப் பவ்னாரில் ஒரு வீடு இருந்தது. அங்கே போய் இருப்பதாகத் தெரிவித்தார். எல்லாக் கவலைகளையும் விட்டுவிட்டுப் போவதானால் போகலாம் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

உடல் இந்த நிலைக்கு வந்த கதையைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று காண வேண்டும்.

சாயமும் தறியும் கண்ட இல்லம்

வினாயக் என்ற இயற்பெயர் கொண்ட வினோபா 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் கொங்கணப் பகுதியிலுள்ள காகோதே கிராமத்தில் பிறந்தார். தந்தை நரஹரி பாவே பரோடாவில் பணிபுரிந்தவர். துணிகளுக்குச் சாயமேற்றும் கலையில் ஆராய்ச்சி மனம் கொண்டவர். சாயங்களைச் சோதிப்பதற்காகச் சிறு சிறு துணித் துண்டுகளைத் தாமே நெய்வார். இத்தனை துண்டுகளை நெய்த நேரத்தில் ஒரு புடவையை நெய்திருக்கலாமே என்று தாய் ருக்மிணி குறைப்பட்டுக்கொள்வாராம். தந்தையின் துல்லியமும் தாயின் நடைமுறை அறிவும் மகனிடம் ஒன்றாக வந்து சேர்ந்தன. தாய் 1918-இல் காலமான பிறகு, அவருடைய புடவை ஒன்றை வினோபா நெடுநாள் தலையணையாக வைத்திருந்தார். கதர் அல்லாத துணியைப் பயன்படுத்துவதில்லை என்று உறுதி பூண்டபோது, அதையும் சபர்மதி நதியில் விட்டுவிட்டார்.

1916-இல் அவர் காந்தியடிகளின் ஆசிரமத்தை அடைந்தார். உடல் அப்போதே வலிவற்றது. ஆயினும் தோண்டுவது, மாவரைப்பது, கழிவறை சுத்தம் செய்வது, கட்டில் நாடா நெய்வது என்று எல்லா வேலைகளையும் வாய் திறவாமல் செய்தார். இத்தனை மெலிந்த உடலைக் கொண்டு இவ்வளவு வேலை செய்வது எப்படி என்று காந்தியடிகள் வியந்து கேட்டபோது, செய்ய வேண்டும் என்ற மன உறுதியால்தான் என்று பதில் கூறினார். அந்தப் பதிலில் உண்மை உண்டு. அபாயமும் உண்டு என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

உடல்நலம் பெறவும் வடமொழி கற்கவும் 1917-இல் ஓராண்டு விடுப்பில் சென்றார். வாயி நகரில் நாராயண சாஸ்திரி மராடேயிடம் பயின்றார். அந்த ஆண்டில் உடலைத் தேற்ற முதலில் நாளும் பத்து மைல் நடந்தார். பிறகு அந்த நேரத்தை மாவரைப்பதற்கு மாற்றிக்கொண்டார். பின்னர் 300 சூரிய நமஸ்காரங்கள் செய்தார். இடையே மாணவர்களுக்குக் கூலியின்றிக் கீதை கற்பித்தார். வாக்களித்தபடி ஓராண்டு முடிந்த அதே நாளில் ஆசிரமத்துக்குத் திரும்பினார். அவர் வருவதாகச் சொன்ன நாளை மற்றவர்கள் மறந்தேபோயிருந்தனர்.

நூலே உணவு

1921-இல் காந்தியடிகளின் விருப்பப்படி வார்தா ஆசிரமத்தின் பொறுப்பை ஏற்றார். 1932-இன் இறுதியில் அருகிலுள்ள நால்வாடி என்னும் சேரிக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார். இராட்டையும் தக்ளியும் அவருக்கு ஒரு தவமாகவே ஆயின. வலக்கையால் நூற்பார், அது சோர்ந்தால் இடக்கைக்கு மாற்றிக்கொள்வார். நின்றுகொண்டு நூற்பார், உட்கார்ந்து நூற்பார். ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு நூல் வருகிறது என்று கணக்கிடுவார். நூற்றுக்கொண்டே பாடமும் சொல்வார். வினோபாவைச் சிலர் உலகம் மறந்த ஞானியாக மட்டுமே சித்திரிப்பதுண்டு. கைத்தொழிலில் இத்தனை கணக்குப் பார்த்த ஞானியர் அரியவர் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

1930-களின் நடுவில் இந்தக் கணக்கு மேலும் கடுமையான ஒரு சோதனைக்கு அவரை இட்டுச் சென்றது. கிராமத்தில் ஓர் ஏழைப் பெண் நாள் முழுதும் நூற்றால் கிடைக்கும் கூலி சில காசுகளே. அந்தக் கூலியில் தம்மால் வாழ முடியுமா என்று அவர் பார்க்கத் துணிந்தார். எட்டு மணி நேரத்துக்கும் மேல் நூற்று, அதற்குரிய கூலிக்குள் உணவை அடக்கிக்கொள்ள முயன்றார். தேர்ந்த கைகளுக்கே அந்தக் கூலி போதவில்லை. 1935-இல் நூற்போருக்கு வாழத்தக்க கூலி தர வேண்டும் என்று காந்தியடிகள் அகில இந்திய நூற்போர் சங்கத்தை வலியுறுத்தியபோது, வினோபாவின் இந்த அனுபவமும் அவர் கண்முன் இருந்தது. எண்ணற்ற பெண்களின் அடுப்புக்கு அது உதவியது. 1937-இல் ஜாகிர் ஹுசேன் தலைமையில் ஆதாரக் கல்விக் குழு அமைந்தபோது அதிலும் வினோபா இடம்பெற்றார். கைத்தொழில் வழியே கல்வி என்ற அதன் கொள்கையைப் பற்றிப் பேச அவரினும் தகுதியானவர் சிலரே.

அந்த ஆண்டுகளிலேயே இன்னொரு பணியும் முளைத்தது. உடன் வாழ்ந்த மனோஹர் திவான் என்ற இளைஞர், தொழுநோயாளருக்குத் தொண்டு செய்ய விரும்பினார். அவருடைய தாய் அஞ்சித் தடுத்தார். அந்த நோய் தமக்கே வந்தால் மகன் தம்மை விட்டு விலகுவதை விரும்புவாரா என்று வினோபா அந்தத் தாயிடம் கேட்டார். தாய் சற்று நேரம் சிந்தித்துவிட்டு மகனை ஆசீர்வதித்தார். 1936-இல் தத்தபூரில் தொழுநோயாளர் இல்லம் இவ்வாறு தோன்றியது.

பிறர் உடல்மீது இத்தனை பரிவு காட்டியவர் தம் உடலின் முறையீட்டைக் கேட்கவில்லை. குறைந்த உணவு, நீண்ட உழைப்பு, இடைவிடாத சிந்தனை எல்லாம் சேர்ந்துதான் அவரை 88 ராத்தலுக்குக் கொண்டுவந்தன. தவம் எங்கே முடிகிறது, பிடிவாதம் எங்கே தொடங்குகிறது என்ற கோடு அவர் வாழ்வில் எப்போதும் தெளிவாக இருந்ததில்லை.

ஐந்து நிமிடம்

பவ்னாரில் அவர் மேற்கொண்ட மருத்துவம் விந்தையானது. முதல் நாள் ஒரு மண்வெட்டியை எடுத்து, வெற்று நிலத்தை ஐந்து நிமிடம் மட்டுமே கொத்தினார், பிறகு நிறுத்திவிட்டார். அடுத்து வந்த நாட்களில் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். நடுநடுவே ஓய்வெடுத்துக்கொண்டார். மனத்தில் எந்தத் திட்டமும் இல்லை, எழுத்து வேலை இல்லை, ஆசிரமக் கவலை இல்லை. மெல்ல அது நாளொன்றுக்கு இரண்டு மணி நேர உழைப்பாக வளர்ந்தது. சில மாதங்களில் எடை 40 ராத்தல் கூடி 128 ராத்தலை எட்டியது.

மன உறுதியால் உடலை இழுத்துச் சென்றவர் இப்போது உடலின் அளவையைக் கற்றுக்கொண்டார். நாட்பட்ட நோயோடு வாழ்பவர்கள் இந்த ஐந்து நிமிடத்தின் மதிப்பை எளிதில் உணர்வார்கள். ஒரு நல்ல நாளில் எல்லாவற்றையும் செய்து முடிக்க எழும் ஆசையும், அதற்காகப் பத்து நாள் படுக்கையில் கிடக்கும் வேதனையும் அவர்கள் அறிந்தவையே. இன்னும் தோண்ட முடியும் என்று தோன்றும்போதே மண்வெட்டியைக் கீழே வைப்பது, தோண்டுவதைக் காட்டிலும் அவருக்குக் கடினமாக இருந்திருக்க வேண்டும்.

அந்த நிலத்தைத் தோண்டியபோது மண்ணுக்குள் ஒரு பழஞ்சிற்பம் கிடைத்தது. வனவாசம் முடிந்து திரும்பிய இராமனும், அயோத்தியின் புறத்தே தவமிருந்த பரதனும் சந்திக்கும் காட்சி அது. 1932-இல் தூலியா சிறையில் கீதைச் சொற்பொழிவுகள் ஆற்றியபோது, அத்தகைய ஒரு சித்திரத்தை யாரேனும் வரைய வேண்டும் என்று அவர் விரும்பிக் கூறியிருந்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் அது அவர் காலடி மண்ணிலிருந்தே வெளிவந்தது. ஆசிரமத்தில் அதைப் பிரதிஷ்டை செய்து வழிபட்டார்.

வேலூரும் சுர்காவும்

1940 அக்டோபர் 17-ஆம் நாள் தனிநபர் சத்தியாக்கிரகத்தின் முதல் வீரராகக் காந்தியடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1942-இல் கைதானபோது வேலூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டார். தென்னாட்டுச் சிறைக்கு வந்துவிட்டோமே என்று வருந்தாமல், தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிகளையும் ஒன்றாகக் கற்கத் தொடங்கினார். நான்கையும் ஒருசேரக் கற்றால் ஒன்று மற்றொன்றுக்குத் துணையாகும் என்பது அவர் கண்ட முறை.

விடுதலைக்குப் பின் 1946-இல், பவ்னாருக்கு அருகிலுள்ள சுர்காவ் கிராமத்தின் துப்புரவுப் பணியைத் தாமே ஏற்றார். தோளில் மண்வெட்டியுடன் நாள்தோறும் நடந்து சென்று மலம் அள்ளி மண்ணிட்டு மூடுவார். கதிரவன் தவறினாலும் அவர் தவறுவதில்லை. ஒரு மழைநாளில் இடையிலுள்ள ஓடை பெருக்கெடுத்திருந்தது. கடக்க இயலவில்லை. எதிர்க்கரையில் நின்ற ஒருவரை உரத்து அழைத்தார். கிராமத்துத் தோட்டி வந்தான், வெள்ளத்தால் திரும்பிச் செல்கிறான் என்று கோயில் தெய்வத்திடம் தெரிவித்துவிடுமாறு வேண்டிக்கொண்டு திரும்பினார். பவ்னாரில் மண் கொத்துவதற்கு முன்பிருந்த வினோபா ஒருவேளை வெள்ளத்தில் இறங்கியிருக்கக்கூடும்.

வயிற்றில் புண், காலில் நடை

1951 மார்ச்சில் அவர் ஹைதராபாத் அருகே சிவராம்பள்ளியில் நடைபெற்ற சர்வோதய மாநாட்டுக்கு நடந்தே புறப்பட்டார். மாநாடு முடிந்தபின் தெலங்கானா கிராமங்களில் நடந்து சென்றபோது, ஏப்ரல் 18-ஆம் நாள் போச்சம்பள்ளியில் நாற்பது ஹரிஜனக் குடும்பங்கள் எண்பது ஏக்கர் நிலம் கேட்டன. வேதிரே ராமசந்திர ரெட்டி எழுந்து நூறு ஏக்கர் தருவதாக அறிவித்தார். அங்கே பிறந்த பூதான இயக்கம் வினோபாவைப் பதின்மூன்று ஆண்டுகள் நடக்க வைத்தது.

அந்த நடை ஆரோக்கியமான ஒருவரின் நடை அன்று. குடற்புண் அவரை விடாது வருத்தியது. மலேரியா அடிக்கடி வந்து சென்றது. சமைத்த விருந்துகள் எதையும் உடல் ஏற்காது. தயிர், பால், தேன் போன்றவற்றையே அளந்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உட்கொண்டார். விடியலுக்கு முன்பே எழுந்து நடப்பார். வெயில் ஏறுமுன் அடுத்த ஊரை அடைந்துவிடுவார். நாளின் எஞ்சிய பகுதி கிராமத்தாரைச் சந்திப்பதற்கும் படிப்பதற்கும் மாலைப் பிரார்த்தனைக்கும் உரியது. ஐந்து நிமிடத்தில் கற்ற அளவை இப்போது நாள் முழுவதற்கும் விரிந்திருந்தது.

எனினும் 1952 டிசம்பரில் பீகாரைச் சேர்ந்ததாயிருந்த சாண்டிலில் மலேரியா கடுமையாகத் தாக்கியபோது, பழைய பிடிவாதம் தலைதூக்கியது. மருந்தே வேண்டாம் என்று மறுத்தார். இறைவன் விரும்பினால் உடல் நிற்கும், இல்லையேல் போகும் என்பது அவர் நிலை. குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாதும் பிரதமர் நேருவும் கவலையுற்றனர். அவரைச் சுற்றியிருந்த எளிய மக்களின் துயரம் அதைவிடப் பெரிது. நிலம் கிடைக்கும் என்று காத்திருந்தவர்களுக்கு அவருடைய உடல் அவருக்கு மட்டும் சொந்தமானதாக இல்லை. முடிவில் அவர் இணங்கி மருந்தை உட்கொண்டார். காய்ச்சல் தணிந்தது. அந்த இணக்கத்தைத் தோல்வியாகக் கருதியவர்களும் இருந்தனர். நிலமற்றவர்களின் பொருட்டு அவர் தம் கொள்கையையும் தானமாகக் கொடுத்தார் என்றே அதைக் கொள்ளத் தோன்றுகிறது. 1953 மார்ச்சில் மீண்டும் நடக்கத் தொடங்கினார்.

1956 மே மாதம் ஆந்திரத்திலிருந்து தமிழகத்துக்குள் வந்தார். காஞ்சிபுரத்தில் சர்வோதய மாநாடு நடைபெற்றது. ஏறத்தாழ ஓராண்டு தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்தார். வேலூர்ச் சிறையில் கற்ற தமிழ் இப்போது கைகொடுத்தது. திருக்குறளும் திருவாசகமும் அவர் நெஞ்சுக்கு நெருக்கமாயின. மதுரை மாவட்டத்தில் பல கிராமங்கள் கிராமதானம் ஆயின. பழனியில் 1956 நவம்பரில், பூதானக் குழுக்களையும் அவற்றுக்கான நிதி உதவியையும் கலைத்துவிடும் துணிச்சலான முடிவு எடுக்கப்பட்டது. 1957 ஏப்ரலில் குமரிமுனையில் கடலின்முன் நின்று, கிராம சுயராஜ்யம் மலரும்வரை ஓய்வதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டு கேரளத்துக்குள் நுழைந்தார்.

நாடெங்கும் நாற்பது லட்சம் ஏக்கருக்கு மேல் தானமாக எழுதித் தரப்பட்டது. அதில் பெரும்பகுதி பாறையாகவும் வழக்கில் சிக்கியதாகவும் இருந்தது. பகிர்ந்தளிக்கப்படாமலே நின்றுபோனதும் அதிகம். இதை மறைப்பதால் அவர் பெருமை கூடுவதில்லை. காந்தியடிகளின் நினைவாக ஒவ்வொருவரும் தம் கையால் நூற்ற ஒரு சிட்டத்தை ஆண்டுதோறும் சமர்ப்பிக்கும் நூலஞ்சலியை அவர் ஊக்குவித்ததும் இத்துடன் நினைக்கத்தக்கது. நிலம் இல்லாதவரும், நடக்க இயலாத நோயாளியும்கூடக் கொடுக்கக்கூடிய தானம் அது.

நோய் அவர் குடும்பத்துக்கே புதிதன்று. தம்பி பால்கோபா காசநோயால் நெடுங்காலம் வருந்தி, பின்னர் உருளிகாஞ்சனில் காந்தியடிகள் தொடங்கிய இயற்கை மருத்துவ ஆசிரமத்தில் பிற நோயாளிகளின் தொண்டுக்கே தம்மை அளித்தார்.

வினோபா முதுமையில் பவ்னாரை விட்டு வெளியே செல்வதில்லை என்று உறுதி பூண்டார். இராட்டை, தறி, நீண்ட நடை எல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போன பின்னும், ஆசிரம முற்றத்தில் குனிந்து துரும்புகளையும் குப்பைகளையும் பொறுக்கிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு துரும்பும் அவருக்கு ஜபமாலையின் ஒரு மணி. 1982 நவம்பர் தொடக்கத்தில் நோயுற்றபோது, காலம் வந்துவிட்டதென்று உணர்ந்து உணவும் நீரும் மருந்தும் நிறுத்தினார். அவை வேண்டுமென்று வற்புறுத்தியவர்களுக்கு இம்முறை அவர் இணங்கவில்லை. நவம்பர் 15-ஆம் நாள், தீபாவளியன்று காலையில், அவர் உயிர் பிரிந்தது. 1938-இல் ஐந்து நிமிடம் கொத்திய நிலத்துக்கு அருகில், தாம் நதிக்கரையில் அவருக்குத் தீமூட்டினர்.