கூட்டத்தில் பாடிய பாரதி

பாரதின்னா நமக்கு முண்டாசும் மீசையும்தான் ஞாபகம் வரும். அவர் குரல்? ஒலிப்பதிவு ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்தார். சிறுவனாக இருக்கும்போதே 'பாரதி' பட்டம். 1908-ல் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரி போய்ப் பத்து வருஷம் இருந்தார். பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-ல் வந்தது. பண்டிதர் நடையிலா எழுதினார்? நொண்டிச்சிந்து! கும்மி, கிளிக்கண்ணி என்று ஜனங்க வாயில் புழங்கிய மெட்டுகளையே எடுத்துக்கொண்டார். படிக்கத் தெரியாதவங்க கிட்டே பாட்டு காது வழியாத்தானே போகணும்? பல பாடல்களுக்கு ராகமும் தாளமும் அவரே குறித்து வைத்தார், நாம டிராயிங் ஷீட்டில் அளவு குறிக்கிற மாதிரி.

திருவல்லிக்கேணிக் கடற்கரைக் கூட்டங்களில் தானே எழுந்து பாடுவார். மைக் ஏது? தொண்டைதான்!

1921-ல் பார்த்தசாரதி கோயில் யானை தள்ளிவிட்டது. அடிபட்டு எழுந்த மனுஷன் அடங்கிக் கிடந்தாரா? ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலைக்குப் போய்ப் பேசினார். பேச்சுக்குத் தலைப்பு, மனிதனுக்கு மரணமில்லை. ஊர் திரும்பியவரை வயிற்றுக்கடுப்பு படுக்கையில் தள்ளியது. செப்டம்பரில் போய்விட்டார். வயசு 38.

கடற்கரையில் கேட்ட அந்தக் கூட்டமெல்லாம் எங்கே போச்சோ! சுடுகாடு வரை கூட வந்தவங்க இருபது பேர்கூட இல்லை.