ஹகீம் அலீ இப்னு அப்பாஸும் மூளையின் இரண்டு தாய்மாரும்

மூளையைச் சுற்றியுள்ள தடித்த சவ்வுக்கு டூரா மேட்டர் என்றும், மூளையோடு ஒட்டிக் கிடக்கும் மெல்லிய சவ்வுக்கு பயா மேட்டர் என்றும் டாக்டர்கள் சொல்கிறார்கள். மேட்டர் என்றால் லத்தீனில் தாய். ஆனால் அந்தத் தாய் பிறந்த வீடு அரபி மொழி. ஒன்றை உள்ளடக்கி நிற்பதற்கும் அதற்கு மூலமாய் இருப்பதற்கும் ‘உம்மு’ என்பது அரபியர் வழக்கம். மக்காவுக்கு உம்முல் குரா என்ற பெயர் இருப்பது நாம் அறிந்ததே. அவ்வாறே மூளையின் உறை உம்முத் திமாக் ஆயிற்று. அதில் தடித்த தாய் ஒன்று, மெல்லிய தாய் ஒன்று.

இந்தப் பெயர்களை மேற்கே கொண்டுபோன நூலின் ஆசிரியர்தாம் அலீ இப்னு அப்பாஸ் அல்மஜூஸி. கி.பி. 10ஆம் நூற்றாண்டில் பாரசீகத்து அஹ்வாஸ் பகுதியில் தோன்றியவர். மஜூஸி என்ற பெயர் அவருடைய முன்னோர் அக்கினி வழிபாட்டினர் என்பதைக் காட்டும். அபூ மாஹிர் மூஸா இப்னு ஸய்யாரிடம் வைத்தியம் பயின்று, அமீர் அளுதுத் தௌலாவின் ஆதரவைப் பெற்றார். பக்தாதில் 982 வாக்கில் பெரிய ஆஸ்பத்திரியை ஏற்படுத்திய அமீர் இவரே.

அமீருக்குக் காணிக்கையாக ஹகீம் எழுதியது கிதாபுல் மலிகீ. மொத்தம் 20 பாகம். முதல் பத்து கல்வி, பின் பத்து சிகிச்சை. முன்னுரையில் பழைய நூல்களைத் தயவில்லாமல் நிறுத்துப் பார்க்கிறார். ஹிப்போகிரட்டீஸ் சுருக்கம், கலேன் மிக விரிவு, ராஸியின் ஹாவியோ பெருத்துப்போய் வாங்குவார் இல்லாமல் இரண்டொருவரிடமே இருக்கிறது என்கிறார். வாங்குபவன் கைக்கு எட்டாத சரக்கு எவ்வளவு உயர்ந்ததானாலும் என்ன பயன்? மாணவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளின் அருகில் இருந்து பழகவேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

தடித்த சவ்வு மண்டையோட்டின் கடினத்திலிருந்து மூளையைக் காக்கிறது. மெல்லியது இரத்தக் குழாய்களைத் தாங்கி மூளைக்கு உணவு செல்ல உதவுகிறது. கலேன் காலம் முதல் வந்த இந்த விவரம் இன்றும் பெரிதும் சரியே. இரண்டுக்கும் நடுவே சிலந்தி வலை போன்ற மூன்றாம் சவ்வுக்குத் தனிப்பெயர் வந்தது 17ஆம் நூற்றாண்டில். அதற்கும் மெல்லிய சவ்வுக்கும் இடையில் தெளிந்த நீர் ஓடுகிறது. தராசில் சுமார் 1,400 கிராம் நிற்கும் மூளை அந்த நீரில் மிதக்கும்போது சுமார் 50 கிராம் பாரமே உடையதாகிறது!

ஹகீமின் பெயருக்குத்தான் சோதனை வந்தது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து இத்தாலிக்குப் போன கான்ஸ்டன்டைன் என்பவர் இந்நூலை லத்தீனாக்கி, ஆசிரியர் பெயரைச் சொல்லாமல் விட்டார். பிறர் சரக்குக்குத் தன் லேபிள் ஒட்டினால் கடைத்தெருவில் என்ன பெயர் சொல்வோம்? அந்தாக்கியாவில் இருந்த ஸ்தேபான் என்பவர் இதைக் கண்டித்து, 1127ல் முழு நூலையும் புதிதாக மொழிபெயர்த்து, உரியவர் பெயரை வெளியிட்டார். தடித்த தாய் கடினத் தாய் ஆனதும், மெல்லிய தாய் ஏனோ பக்தியுள்ள தாய் ஆனதும் லத்தீனில்தான்.

பின்னர் இப்னு ஸீனாவின் கானூன் வந்து மலிகீயை மறைத்தது. ஆயினும் 1492ல் வெனிஸ் நகரில் அச்சேறியபோது ஸ்தேபானின் மொழிபெயர்ப்பே அச்சாயிற்று. ஹாலி அப்பாஸ் என்றுதான் ஐரோப்பியர் அவரை அழைத்தார்கள்.