திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசனார். பிறர் இழிவாக வழங்கிய பெயரையே தலைப்பாகச் சூட்டி, 1893-ஆம் ஆண்டில் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். அப்பெயரைச் சொல்ல நம்மவரே நாணிய காலம் அது!

பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டுகள் பணிபுரிந்து திரும்பி, 1923-இல் சென்னைச் சட்டசபையில் நியமன உறுப்பினரானார். மறு ஆண்டு அவர் கொண்டுவந்த தீர்மானமே அவர்தம் வாழ்வின் தலையாய செயல் என்பது என் கருத்து. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், சந்தை, அரசு அலுவலகம் ஆகியவற்றில் எச்சாதியாருக்கும் தடையில்லை என்றது அத்தீர்மானம். சபை ஏற்றது; அரசும் ஆணை பிறப்பித்தது. கிணற்றடியில் வெறுங்குடத்துடன் நின்று, பிறர் மனமிரங்கி ஊற்றும் நீருக்குக் காத்திருந்த தாய்மார்க்கு அவ்வாணை எத்துணைப் பெரிது! ஊர்களில் அது நடைமுறைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று என்பது வேறு.

1926-இல் ராவ் சாகிப், 1930-இல் ராவ் பகதூர், 1936-இல் திவான் பகதூர் என அரசு பட்டங்கள் அளித்தது. இவற்றை நம் மாணவர் வரிசையாக ஒப்பிப்பர். 1924-ஐக் கேட்டால் விழிப்பர்.

இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கருடன் அமர்ந்து, நம் மக்களுக்கு வாக்குரிமையும் சட்டசபைகளில் தனிப் பிரதிநிதித்துவமும் கேட்டார். 1945 செப்டம்பர் 18-ஆம் நாள் மறைந்தார்.