பயிற்சியாளர் ஜேக் கெய்தர்

அமெரிக்க நாட்டவர் கால்பந்து என்று வழங்குவது நம் பள்ளித் திடலில் ஆடப்படும் ஆட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினரின் தடுப்பை ஊடுருவி ஓடும் முரட்டு ஆட்டம் அது. அந்நாட்டுக் கல்லூரிகளில் அதற்குள்ள மதிப்பு மிகப் பெரிது. அவ்வாட்டத்தில் புகழ் ஈட்டிய கறுப்பினப் பெருமகனார் ஜேக் கெய்தரின் வரலாற்றை நமது இளைஞர்கள் அறிதல் நலம் எனக் கருதுகிறோம்.

அவர் 1903 ஏப்ரல் 11 அன்று டென்னசி மாநிலத்தில் ஒரு சமயப் போதகரின் மைந்தராகப் பிறந்தார். வழக்கறிஞராக வேண்டுமென்பதே அவரது அவா. தந்தையார் மறையவே, பிழைப்பை நாடி ஆசிரியப் பணியையும் விளையாட்டுப் பயிற்சியையும் மேற்கொண்டார். தென் மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்க்குக் கதவடைத்திருந்த காலம் அது. ஆதலின் வடக்கே ஒஹையோ சென்று 1937-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே டல்லஹாசி நகரில், கறுப்பினத்தாருக்கென அமைந்த புளோரிடா ஏ அண்டு எம் கல்லூரியில் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 1942-இல் மூளையில் கட்டி கண்டு, அறுவை சிகிச்சை பெற்று உயிர் மீண்டார். 1945-இல் தலைமைப் பயிற்சியாளரானார்.

இனி நிகழ்ந்தவை வியப்புக்குரியவை. 25 பருவங்களில் 203 வெற்றிகள். தோல்விகள் 36 மட்டுமே. 4 ஆட்டங்கள் சமநிலை. முன்வரிசை வீரர்களிடையே இடைவெளியை அகலப்படுத்தி, விரைந்து ஓடுவோர்க்கு வழி திறக்கும் முறையை அவர் வகுத்தார். அதற்கேற்ற கால் வேகம் அவர்தம் மாணவரிடம் இருந்தது. அவர்களுள் ஒருவரான பாப் ஹேய்ஸ், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர். மக்கட்பேறற்ற கெய்தர் தம்பதியர்க்கு இம்மாணவரே மக்களாயினர்.

அவர் நடத்திய பயிற்சி வகுப்புகளுக்கு வெள்ளையர் கல்லூரிப் பயிற்சியாளர்களும் வந்து அமர்ந்து பாடம் கேட்டனர். அவரிடம் கற்கலாம்; அவருடைய மாணவரோடு தென்னகத் திடலில் ஆடலாகாது! இதனினும் வேடிக்கை வேறுண்டோ? எத்துணை வென்றாலும், கறுப்பரை மட்டுமே வென்றவர் என்ற சொல் அவரைத் தொடர்ந்தது. பொறுமை மிக்கவர் என இளந்தலைமுறையினர் சிலர் அவரைக் குறை கூறியதும் உண்டு. அவரோ உரியவர்களை அணுகி இசைவு கேட்டவண்ணம் இருந்தார். இசைவு கிடைத்தபோது அவருக்கு வயது 66.

1969 நவம்பர் 29 அன்று, டாம்பா நகரில், வெள்ளையரே பெரும்பான்மையாயிருந்த டாம்பா பல்கலைக்கழக அணியை அவரது அணி எதிர்கொண்டது. இரு தரப்புக் கல்லூரிகள் தென்னகத்தில் மோதிய முதல் ஆட்டம் அதுவே. 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். கலவரம் விளையுமோ என அஞ்சினோர் பலர். யாதொரு தீங்கும் நேரவில்லை. இறுதி வரை இழுபறியாகச் சென்ற ஆட்டத்தில் கெய்தரின் அணி 34-க்கு 28 என்ற கணக்கில் வென்றது.

அப்பருவத்தோடு அவர் பயிற்சியாளர் பொறுப்பினின்று விலகினார். கதவுகள் திறந்தபின், முன்பு கறுப்பின இளைஞரை ஏற்க மறுத்த பெரும் பல்கலைக்கழகங்களே அவர்களுள் சிறந்தோரைத் தேடி அழைத்துச் சென்றன. கெய்தர் வளர்த்த கல்லூரிக்கு அதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. 1975-இல் கல்லூரிக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. 1994 பிப்ரவரி 18 அன்று, தம் தொண்டு மலர்ந்த டல்லஹாசியிலேயே மறைந்தார்.