பச்சையப்ப முதலியார் அறமும் அதன் காவலும்

திருக்கோயிற் குடமுழுக்கு ஒரு நாளில் நிறைவெய்துவது. அதன்பின் விளக்கெரிதலும், ஓதுவார் பாடுதலும், அடியார் அமுது பெறுதலும் நாடோறும் நிகழ வேண்டுவன. விழாநாட் செலவை மனமுவந்து ஏற்கும் செல்வர் பலர். விழா முடிந்த மறுநாளையும், தாம் மறைந்த மறுநூற்றாண்டையும் எண்ணிப் பொருள் வைத்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவர், சென்னை மாநகரில் வாணிகத்தால் உயர்ந்த வள்ளல் பச்சையப்ப முதலியார். அவர்தம் வரலாறு பொருளுடையார் யாவரும் உள்ளத்திற் கொள்ளத்தக்கது.

1754-ஆம் ஆண்டில் தோன்றிய அவர், தந்தையார் முகம் காணும் பேறு பெற்றிலர். தந்தையார் விசுவநாத முதலியார் முன்னரே காலஞ்சென்றமையால், அன்னையார் பூச்சியம்மாள் மக்களோடு பிறர் ஆதரவை நாடி நின்றார். பெரியபாளையத்தில் சிலகாலம் அவ்வாதரவு கிடைத்தது. பின்னர்ச் சென்னையில், துபாஷியாய்ச் செல்வாக்குப் பெற்றிருந்த பவுனி நாராயண பிள்ளை அக்குடும்பத்திற்குத் துணையானார். அவர்தம் நிழலில் சிறுவர் எழுத்தும் கணக்கும் பயின்று, வாணிகத்தின் நுட்பங்களையும் உணர்ந்தார். உரிய காலத்தில் தாமும் துபாஷியாயினார்.

துபாஷி என்பார் இருமொழி வல்லவர். கும்பினியாரைச் சார்ந்த ஆங்கிலேயர்க்கும் இந்நாட்டு மக்கட்கும் இடையே நின்று, பேச்சையும் பேரத்தையும் பணத்தையும் நடத்துவித்தவர். அக்காலத்து அத்தொழில் பெருஞ்செல்வம் தருவதாயிற்று. கொடுக்கல் வாங்கலாலும், வட்டியாலும், வரி தண்டுதலைச் சார்ந்த அலுவல்களாலும் வந்த செல்வம் அது. உழுவார் உழைப்பும் நெய்வார் உழைப்பும் அதனுட் கலந்திருந்தமை மறுக்கவொண்ணாதது. பச்சையப்பர் சென்னையிலும் தஞ்சையிலுமாகத் தொழில் நடத்தி, இளமையிலேயே பெருநிதி படைத்தார். சென்னையில் கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்த நாட்களில், கூவம் ஆற்றில் நீராடிக் கோமளீசுவரர் திருமுன் வழிபட்டு, அதன்பின்னரே அலுவல் தொடங்குவார் என்பர்.

வாணிகம் தன்னந்தனியே நிற்பதன்று. சந்தை கூடுவதற்கு ஊரும் திருவிழாவும் வேண்டும். கடன் கொடுத்துப் பெறுவதற்கு மக்களிடையே நாணயம் வேண்டும். ஓலையும் ஏடும் எழுதுதற்குக் கற்ற பிள்ளைகள் வேண்டும். சரக்கொடு வழிச்செல்வார் இராத்தங்குதற்குச் சத்திரம் வேண்டும். இவற்றுள் ஒன்றையும் வணிகர் விலைகொடுத்து வாங்கியதில்லை. முன்னோர் ஆக்கிவைத்தவற்றை வட்டியின்றிப் பெற்றே தொழில் நடத்துகின்றனர். தந்தையில்லாத சிறுவர் ஒருவரை ஊரார் இரக்கமும் ஒரு பெரியார் ஆதரவும் வணிகராக்கின என்றால், அவர் ஐந்தொகையில் எழுதப்படாத கடன் எத்துணைப் பெரிது! அக்கடனைத் தீர்ப்பதே அறம். அதனைச் செய்யாத வாணிகம், வேருக்கு நீர் வாராது கனியை மட்டும் பறிக்கும் தோட்டக்காரனை ஒக்கும்.

தில்லைப் பெருங்கோயிலின்பால் அவரும் அவர் குடும்பத்தாரும் கொண்ட ஈடுபாடு பெரிது. அங்குள்ள கீழைக் கோபுரத்தின் திருப்பணியில் அக்குடும்பத்தார் பெயர் நிலைபெற்றுள்ளது. அவருருவமும் மனைவியார் உருவமும் அக்கோபுரத்திற் சிற்பமாக விளங்குகின்றன. 1794-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நோயுற்ற அவர், இறுதி நெருங்குவதை உணர்ந்து மரணசாசனம் எழுதுவித்தார். சிவாலயங்கட்கும் விட்டுணு ஆலயங்கட்கும் உரிய கட்டளைகள், ஏழையர்க்கு ஈதல், கல்விக்கு உதவி முதலிய அறங்கட்குத் தம் பொருளை அதன்கண் உரிமையாக்கினார். அத்திங்கள் 31-ஆம் நாள், காவிரிக்கரைத் தலமாகிய திருவையாற்றில் ஐயாறப்பர் திருவடி நிழலை அடைந்தார். அப்போது அவர்க்கு அகவை நாற்பதே.

சாசனம் எழுதிய கை ஓய்ந்தது. அறம் உடனே தொடங்கினதில்லை. பொருள் பொறுப்பேற்றோர் கையிலும், உரிமை கொண்டாடினோர் வழக்கிலும் சிக்குண்டது. விளக்கிற்கு வைத்த பொருள் விளக்கேற்றாமலும், அன்னத்திற்கு வைத்த பொருள் அடுப்பேற்றாமலும் ஆண்டுகள் பல கழிந்தன. வள்ளலின் வழியினர் மறந்தாலும், அறத்தின் உரிமை அழியவில்லை. சென்னை உச்சநீதிமன்றத்தில் அவ்வுரிமை எடுத்துரைக்கப்பெற்றது. அரசாங்கத் தலைமை வழக்கறிஞராயிருந்த கெர்பர்ட்டு காம்ப்டன் என்பாரும், அவர்க்குப் பின்வந்த ஜார்ஜ் நார்ட்டன் என்பாரும் அதன்பொருட்டு உழைத்தனர். அவர்கள் வேற்று நாட்டார், வேற்றுச் சமயத்தார். எனினும், இறந்தார் ஒருவர் இறைவன்பால் வைத்த வாக்கு நிறைவேற வேண்டும் என்று நின்றனர்.

நீதிமன்றம் வகுத்த திட்டம் நுட்பமானது. ஒரு இலட்சம் வராகன் முதலாக நிறுத்தப்பெற்றது. அதன் வட்டி, காசி முதற் குமரி வரையுள்ள திருக்கோயில்களிலும் சென்னையிலும் அறங்கட்கு ஆண்டுதோறும் செல்லுமாறு முறை செய்யப்பெற்றது. சென்னை இந்துப் பெருமக்கள் அதற்குப் பொறுப்பாளராயினர். இச்செய்தியைக் கல்லிற் பொறித்துக் கோயில்களில் நாட்டினர். கட்டளை தவறுமாயின் முறையிடுதற்கு வழியுண்டு என்பதனை வழிபட வருவோர் அனைவரும் அறிதற்பொருட்டே அக்கல் நாட்டப்பெற்றது. கொடுத்தவர் பெயரை விளக்குதலினும் கொடுத்த பொருளைக் காத்தலே அக்கல்லின் பெரும்பணி.

வழக்குக் காலத்திற் செலவாகாது திரண்டிருந்த மிகுதிப்பொருளோ கல்விக்கு ஆயிற்று. வள்ளல் தாமே ஆங்கிலக் கல்லூரி ஒன்றை எண்ணினார் என்று கூறுதல் பொருந்தாது. தடைப்பட்ட அறத்தின் மிச்சமே கல்விச்சாலையாய் மலர்ந்தது. 1842-ஆம் ஆண்டு சனவரியில், சென்னைப் பிராட்வேயில் பச்சையப்பன் பள்ளி திறக்கப்பெற்றது. வள்ளல் மறைந்து 48 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1850-ஆம் ஆண்டில், ஏதென்சு நகரத்துப் பழங்கோயில் ஒன்றன் அமைப்பைத் தழுவிய மண்டபம் பள்ளிக்கு இடமாயிற்று. காஞ்சியிலும் சிதம்பரத்திலும் கிளைப்பள்ளிகள் எழுந்தன. 1889-ஆம் ஆண்டில் அது முதல்தரக் கல்லூரியாய் உயர்ந்தது. 1940-ஆம் ஆண்டில் சேத்துப்பட்டுக்குப் பெயர்ந்தது. தொடக்கத்தில் இந்து மாணாக்கர்க்கே உரியதாயிருந்த அதன் வாயில், 1947-ஆம் ஆண்டில் எல்லாச் சமயத்தார்க்கும் திறந்தது.

கணித மேதை இராமானுசன் அங்குச் சிலகாலம் பயின்றார். பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சரான அண்ணாதுரை அங்கு முதுகலைப் பட்டம் பெற்றார். மு. வரதராசனார் அங்கிருந்து ஆண்டுகள் பல தமிழ் கற்பித்தார். துபாஷி ஒருவரின் பெட்டியில் இருந்த வராகன், தமிழ் வகுப்பிலும் கணக்கு வகுப்பிலும் வேறு உருக்கொண்டு பெருகிற்று. அவரோடு வாணிகம் புரிந்த ஏனைத் துபாஷிகள் பலர்தம் செல்வம் மாளிகையோடும் மக்களோடும் மறைந்தது. கோயிற் கட்டளையும் கல்விச்சாலையும் ஆக மாறிய செல்வமோ மறையவில்லை.

இவ்வரலாறு பொருளுடையார்க்கு இரண்டினை உணர்த்தும். ஈட்டிய பொருளில் ஒருபகுதி சமுதாயத்தின் வாழ்விற்கும், அதன் வழிபாடு, கல்வி, கலை என்பவற்றிற்கும் உரியது என்பது ஒன்று. கொடுத்தல் மட்டும் போதாது என்பது மற்றொன்று: ஈயும்பொழுதே, முதல் எது, செலவாவது எது, காப்பார் யார், தவறினால் முறையிடும் இடம் எது என்பன தெளிவாக எழுதப்படல் வேண்டும். இவை எழுதப்படாத கொடை உறவினர் வழக்கிற்கு உணவாகும். எழுதியும் காவாத கொடை காலத்திற்கு உணவாகும். பச்சையப்பரின் அறம் 48 ஆண்டு பட்ட அல்லல், அவர்க்குப்பின் வரும் கொடையாளர்க்கு எச்சரிக்கையாய் உள்ளது.

திருப்பணி செய்வித்த செல்வர்களும், நாளும் அதனைக் காக்கும் அடியார்களும் நீடு வாழ்க. கட்டளைகள் குறைவின்றி நடைபெறுக. மேன்மைகொள் நெறி தழைக்க எல்லாம்வல்ல இறைவன் திருவருள் முன்னிற்பதாக.